இரண்டு சமையலறைகளுக்கு ஒரு வீடு

என் அக்கா ரோஸ்விதா விவாகரத்து வாங்கியபோது புருஷன் ஊவேக்குக் காரை விட்டுக்கொடுத்தாள், சோபாவை விட்டுக்கொடுத்தாள், அவன் அம்மா கொடுத்த சுவர்க்கடிகாரத்தை ரொம்பச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தாள். சமையலறையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊவே மீன்பிடிக்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அது. சாயங்காலம் இரண்டு பெரிய மீன்களோடு வந்தவன் சமையலறைக்குள் போய்ப் பார்த்தால், சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின்கம்பி, அவ்வளவுதான். மீன்களைக் குளியல் தொட்டியில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"அல்முட், உங்க அக்கா என்னை விட்டுட்டுப் போயிட்டா."

"அவ போயி ஒரு மாசம் ஆச்சே, ஊவே."

"இல்ல. இப்பதான் நிஜமா போயிருக்கா."

அவன் ஆயுசில் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். எங்கள் எம்டன் ஊரில் மட்டுமல்ல, ஜெர்மனி முழுக்க வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் பெரும்பாலும் சமையலறையையும் கூடவே கொண்டுபோவார்கள். நாலு சுவர்தான் வீட்டுக்காரருடையது. அலமாரி, மேடை, தொட்டி, அடுப்பு எல்லாம் குடியிருப்பவர் சொத்து. கல்யாணம் முறிந்தால் நாய் யாருக்கு என்பதற்கு முன்னால் சமையலறை யாருக்கு என்று பேசுவார்கள். ரோஸ்விதா பேசவில்லை, கழற்றினாள்.

இருபத்துமூன்று வயதில் முதல் சம்பளத்தில் வாங்கிய சமையலறை. வெண்ணெய் நிறம், ஓரத்தில் பழுப்புக் கரை. அப்போது மூன்றே அலமாரி. அதற்கப்புறம் வீடு மாறும்போதெல்லாம் அவள் ஒரு அலமாரி, இரண்டு அலமாரி என்று சேர்த்தாள். புது வீட்டு மூலை காலியாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. ஐந்தாவது வீட்டுக்கு வந்தபோது பதினொன்று இருந்தன. அந்தக் கம்பெனியே மூடிப்போய்விட்டது. அதே பழுப்புக் கரைக்காக அவள் பத்திரிகை விளம்பரம் பார்த்து மூன்று மாவட்டம் தாண்டிப் போய், செத்தவர்கள் வீட்டுச் சமையலறைகளிலிருந்து அலமாரி வாங்கி வந்தாள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு ஜாம் பாட்டில். அலமாரிகளை இணைக்கிற திருகாணிகள், கழற்றும் சாவி, எந்தத் திருகாணி எந்த அலமாரிக்கு என்று எழுதிய துண்டுச்சீட்டு எல்லாம் அதற்குள். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பாட்டில் ஜன்னல் விளிம்பில், கை எட்டுகிற தூரத்தில் இருக்கும். மற்றவர்கள் அந்த இடத்தில் துளசி மாதிரி ஏதாவது வாசனைச் செடி வைப்பார்கள். என் அக்கா எந்த வீட்டிலும் குடியேறவே இல்லை, கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அவளுக்கு வேலை, நகராட்சி நீச்சல்குளத்தில் நுழைவுச்சீட்டு கொடுப்பது. முப்பது வருஷமாக ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஓடாதே, வழுக்கும்" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கேதான் லூடர் வந்து சேர்ந்தார்.

லூடர் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலையில் இருப்பவர். படகு வந்தால் பாலம் மேலே போகும், போனால் கீழே வரும், நடுவில் அவர் தேநீர் குடிப்பார். உயரம் நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். வியாழக்கிழமை தவறாமல் நீந்த வருவார், முதுகுவலிக்காக. குளத்துப் பெட்டகத்தில் அவருடைய கால்சட்டையை மடிக்காமல் தொங்கவிட முடியவில்லை என்று புகார் சொல்ல வந்தவரை ரோஸ்விதா ஏறிட்டுப் பார்த்தாள். அவள் நூற்றைம்பத்துநாலு. நிஜமாகவே ஏறிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"பெட்டகம் சின்னது இல்ல. நீங்கதான் பெருசு," என்றாள்.

அவர் மறுவியாழக்கிழமையும் புகார் சொல்ல வந்தார். ஒரு வருஷம் புகார் சொன்னார். பிறகு அவர் குடியிருந்த கால்வாய்க்கரை வீட்டை இடிக்கப்போவதாகத் தகவல் வர, இரண்டு பேரும் சேர்ந்து வீடு தேடினார்கள். அக்காவுக்கு ஐம்பத்தேழு, அவருக்கு அறுபது. ஜன்னல் திறந்து தூங்குவதா மூடியா, குறட்டைக்கு என்ன வழி, ஞாயிற்றுக்கிழமை யார் ரொட்டி வாங்கப் போவது என்று சகலமும் பேசி முடிவு செய்தார்கள். சமையலறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடையதுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவருடையதுதான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

குடிபோன அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் பதினொரு அலமாரி. இன்னொன்றில் எட்டு அலமாரியும், பழைய துணியெல்லாம் சுற்றிக் குழந்தையைப் போலப் படுக்கவைத்த ஒரு பலகையும். லூடர் தன் கையாலேயே செய்த சமையலறை. முதுகு வளையாமல் இருக்க மேடையின் உயரம் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். அந்த மேடை மூன்று மீட்டர் இருபது நீளமுள்ள பீச் மரம், நடுவில் ஒட்டே இல்லாத ஒரே பலகை. வருகிறவர் போகிறவரையெல்லாம் அதைத் தடவிப் பார்க்கச் சொல்வார். நானும் தடவியிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

"இது என்ன?" என்றாள் ரோஸ்விதா, வண்டியைப் பார்த்து.

"சமையலறை. அது என்ன?"

"சமையலறை."

சுமக்க வந்தவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தார்கள். கீழ்வீட்டு சீவர்ஸ் அம்மா ஜன்னலைத் திறந்து, "பகல் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அமைதி நேரம். சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

எல்லாமே மேலே போனது. யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்டால் இரண்டு பேரையும் சொல்வேன். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. "முதல்ல மேல கொண்டுபோவோம், அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அந்த அப்புறம் ஏழு வாரம் நீடித்தது.

சமையலறை மூன்று மீட்டர் நாற்பதுக்கு ஒரு மீட்டர் அறுபத்தெட்டு. இடது பக்கம் அவள் அலமாரிகள், எண்பத்தைந்து உயரம். வலது பக்கம் அவர் அலமாரிகள், தொண்ணூற்றேழு. நடுவில் நடக்க மிஞ்சியது நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அதில் லூடர் பக்கவாட்டில் மட்டும் நடமாடலாம். அடுப்பின் கதவைத் திறக்க வேண்டுமானால் ஒருவர் வெளியே போக வேண்டும். ரோஸ்விதாவின் மேல் அலமாரிகள் அவருடைய நெற்றிக்கு நேராக இருந்தன. முதல் வாரத்திலேயே மூன்று பிளாஸ்திரி. அவருடைய மேல் அலமாரியிலிருந்து ஒரு தட்டு எடுக்க அவள் பீர்ப் பெட்டிமேல் ஏற வேண்டும். ஆகவே ஒரு முட்டை பொரிப்பதென்றாலும் இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும்.

உள்ளே அடங்காத அலமாரிகள் வீடெங்கும் பரவின. படுக்கையறையில் வாணலிகள். குளியலறையில் ஊறுகாய். வாசல்நடையில் சூப் பாத்திரங்கள். செருப்பு தேடப் போனால் கரண்டி கிடைக்கும். இவ்வளவு அலமாரி இருந்தும் மாவு பிசைய ஒரு முழம் இடம் இல்லை. அவர் பலகையைச் சுவர் நெடுகப் போகவிடாமல், சுடுநீர்க் குழாய் நடுவில் தரையிலிருந்து கூரைவரை நின்றது. அதனால் அந்த அருமைப் பலகை வாசல்நடையில் செங்குத்தாக நின்றது. அதன் முன்னால் கோட்டுகள். அவள் மேடையின் மேலே அவர் காபி இயந்திரம், அவர் ரொட்டி வெட்டும் இயந்திரம், இரண்டு பேருடைய இரண்டு தண்ணீர்க் கெண்டிகள்.

"உலர்திராட்சை ரொட்டி எங்க செய்யற?" என்று நான் கேட்டேன். ஊரில் அதில் அவளை அடிக்க ஆளில்லை.

"துணி துவைக்கிற மெஷின் மேல."

"அது ஆடுமே."

"கடைசி சுத்து வர வரைக்கும் நான் பிசைவேன். அப்புறம் அதுவே பிசைஞ்சுக்கும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கடிதத்தைக் காட்டினாள். தன் பழைய வீட்டைக் காலி செய்வதாக அதன் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம், கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி, ஒரு காலித் தேநீர் டப்பாவுக்குள் கிடந்தது. மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் போய்ச் சேர வேண்டிய கடிதம், இல்லாவிட்டால் வாடகை இன்னொரு மாதம் நீளும். போன மாதம் தவறவிட்டிருந்தாள். அனுப்பிவிட்டதாக லூடரிடம் சொல்லியிருந்தாள்.

"எதுக்குடி பொய் சொன்ன?" என்றேன். அக்கா என்று பார்ப்பதில்லை, கோபம் வந்தால் எனக்கு இப்படித்தான் வரும்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சு அங்க போறேன், அல்முட். காலி வீடுதான். ஜன்னல்ல உக்காந்து ஒரு பன் சாப்பிட்டுட்டு வரேன். நல்ல மனுஷன்தான் அவரு. ஆனா இந்த வீட்ல என் கையை வைக்க ஒரு இடம் இல்ல."

"சொல்லேன் அவர்கிட்ட. அந்தப் பலகையை வெட்டச் சொல்லு."

"அதை எப்படிக் கேக்கறது. அதைக் குழந்தை மாதிரி சுத்திக் கொண்டுவந்தாரே." ஜன்னல் விளிம்பிலிருந்த ஜாம் பாட்டிலைப் பார்த்தாள். "இந்த மாசமும் போடலைன்னா, திரும்பிப் போறேன்னு அர்த்தம். இந்தத் தடவை அவரு வீட்ல இருக்கறப்பவே கழட்டுவேன். ஊவேக்குச் செஞ்ச மாதிரி செய்ய மாட்டேன்."

அது ரொம்பப் பெரிய மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. லூடரை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அத்தான் என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்ததை அந்தக் கடிதம் போகிறவரைக்கும் நிறுத்தி வைத்தேன்.

மாதம் பிறந்த முதல் சனிக்கிழமை, பதினொரு மணித் தேநீருக்குப் போனேன். திங்கள்கிழமை கடைசி நாள். நானும் ரோஸ்விதாவும் வாசல்நடையில் சூப் அலமாரிமேல் கோப்பைகளை வைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே லூடர் கற்கண்டைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கோப்பையில் முதலில் கற்கண்டு விழாவிட்டால் தேநீரை ஊற்ற மாட்டோம். பத்தொன்பது அலமாரியில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வந்தார். தேநீர் டப்பாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

"இது இன்னும் போகலையா?" என்றார்.

விலாசத்தைப் படித்தார், தபால்தலையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கடிதத்தைப் பத்திரமாக அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எத்தனை சென்டிமீட்டர் வேணும்?"

"எதுக்கு?"

"மாவு பிசைய."

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் டேப்பை எடுத்து அளந்தார். ஒரு மீட்டர் ஐம்பது வந்தது. "ஒண்ணு தொண்ணூறா வச்சுக்கலாம், குழாய் வரைக்கும்," என்றார். கோட்டுகளை எல்லாம் எடுத்துப் படுக்கையில் போட்டார். பலகையைத் தரையில் சாய்த்தார். துணியை அவிழ்த்து, ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"லூடர், வேணாம்," என்றாள் ரோஸ்விதா.

"அந்தப் பக்கம் பிடி. ஆடுது."

வாசல்நடையில் வைத்தே வெட்டினார். மரத்தூள் சூப் பாத்திரத்திலெல்லாம் விழுந்தது. அந்தப் பலகை இரண்டாக விழுந்தபோது மூன்று பேருமே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரிய துண்டு அவளுக்கு, ஜன்னல் பக்கம், எண்பத்தைந்து உயரத்தில். சின்னத் துண்டு அவருக்கு, குழாயின் இந்தப் பக்கம், தொண்ணூற்றேழில். ஏழு வாரம் முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும் யோசனை. ஆனால் அவராகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, கேட்க இவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இடது பக்கத்து அலமாரிகளில் மூன்றை அவளே தேர்ந்தெடுத்து ஜன்னலின் கீழே வரிசையாக வைத்தாள், வாங்கிய முதல் மூன்றும். பல் பல்லாக உடைந்துபோன அவற்றின் பழைய மேல்பலகையை இரண்டு பேரும் கழற்றினார்கள். லூடர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அலமாரிக் கால்களை ஏற்றி இறக்கிச் சரிசெய்தார். பீச் பலகையைத் தூக்கி மேலே வைத்தார்கள். குழாயைத் தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அலமாரியின் அடியிலிருந்து துளை போட்டுத் திருகிவிட்டால் முடிந்தது. லூடர் துளை போடுகிற மெஷினைக் கையில் எடுத்தார். மணி ஒன்று அடித்தது.

அடித்து முடிப்பதற்குள் கதவு தட்டும் சத்தம். சீவர்ஸ் அம்மா. கையில் அலாரம் கடிகாரம்.

"மணி ஒண்ணு. ரம்பத்தைப் பொறுத்துக்கிட்டேன், பன்னெண்டு மணிக்கு முடிஞ்சுது. இனிமே முடியாது."

"ஒரே பத்து நிமிஷம், சீவர்ஸ் அம்மா," என்றேன் நான்.

"மூணு மணிக்குப் பத்து நிமிஷம் போட்டுக்கோங்க."

"மூணு மணிக்கு எனக்குப் பாலத்துல வேலை," என்றார் லூடர். "நாளைக்கு ஞாயிறு."

ஞாயிறன்று எங்கள் ஊரில் ஆணி அடித்தவனை அவன் பேரப்பிள்ளை காலம்வரை பேசுவார்கள். திங்கள்கிழமை கடிதத்தின் கடைசி நாள். நான் ரோஸ்விதாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் விளிம்பில் இருந்த ஜாம் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு கருவிப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பெரிய மரப்பசை டப்பாவை எடுத்தாள்.

"இதுக்குச் சத்தம் கிடையாதே, சீவர்ஸ் அம்மா?"

சீவர்ஸ் அம்மா யோசித்தார். "பசைக்குத் தடை இல்ல," என்றார்.

லூடர் மெஷினைக் கீழே வைத்தார். "ரோஸ்விதா, ஒட்டினா அப்புறம் கழட்ட முடியாது."

"தெரியும்."

"மூணு அலமாரியும் பலகையும் ஒரே கட்டையா ஆயிடும். இந்த வாசல் வழியா வெளிய எடுக்கவே முடியாது."

"தெரியுங்கறேனே. பலகையைத் தூக்கு."

"வீட்டுக்காரர் என்ன சொல்வாரு?"

"நாம போனாதானே சொல்வாரு," என்றாள் என் அக்கா.

பசை பூசிப் பலகையை இறக்கியாகிவிட்டது. இரண்டு மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. வீடெங்கும் பரவியிருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. படுக்கையறை வாணலிகள் வந்தன, குளியலறை ஊறுகாய் ஜாடிகள் வந்தன, சூப் பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். வாசலில் நின்றுகொண்டிருந்த சீவர்ஸ் அம்மாவை ரோஸ்விதா தேநீருக்கு உள்ளே கூப்பிட்டாள். உள்ளே வந்தால் மூன்று கோப்பை குடிக்காமல் போவது எங்கள் ஊரில் அவமரியாதை. முதல் கோப்பையிலேயே அவர் கண்ணைச் சுருக்கினார்.

"அந்த மூலை தூக்கிக்கிட்டு இருக்கு."

"எங்க?"

"அங்க. நகருங்க." இரண்டு முழங்கையையும் மூலையில் ஊன்றிக்கொண்டு சாய்ந்தார். அவர் சாய்ந்த பிறகு அந்த மூலை அசையவே இல்லை. கோப்பையை நாங்கள்தான் வாயருகே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கோப்பைக்கு அப்புறமும், போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கச் சொல்லவில்லை, ஆகவே நாலாவதும் ஊற்றினோம்.

குழாயை ஒட்டிய இடத்தில்தான் பாரம் வைக்க ஒன்றும் அகப்படவில்லை, எந்தப் பாத்திரமும் நுழையாத சந்து. லூடர் விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். ரோஸ்விதா எட்டி ஜாம் பாட்டிலை எடுத்தாள். முப்பத்துநாலு வருஷத்துத் திருகாணிகள், நல்ல கனம். அவர் விரலை எடுத்த இடத்தில் அதை வைத்தாள்.

மூன்று மணிக்குச் சீவர்ஸ் அம்மாவின் அலாரம் அடித்தது. "இனிமே நீங்க சத்தம் போடலாம்," என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். எங்களில் யாருக்கும் போட ஒரு சத்தமும் இல்லை. லூடர் பாலத்துக்கு ஓடினார். அன்று ஒரு படகுக்காரன் கால்மணி நேரம் காத்திருந்தானாம். நான் கிளம்பும்போது ரோஸ்விதா கடிதத்தை என் கோட்டுப் பையில் திணித்தாள்.

"பழைய வீட்டுக்காரர் வீடு நீ போற வழிதான். அவர் தபால் பெட்டியிலயே போட்டுடு. மறந்து தொலைக்காதே."

நான் மறக்கவில்லை. பெட்டிக்குள் போட்டுவிட்டு, மூடியைத் தூக்கி விழுந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

மிச்ச எட்டு வெண்ணெய் நிற அலமாரிகளில் ஆறு நிலவறைக்குப் போயின, ஒன்று சீவர்ஸ் அம்மா வீட்டுக்கு, ஒன்று ஊவேக்கு. ஊவே அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான், பாவம். இப்போது அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நேராகவே நடக்கலாம். குழாய்க்கு இந்தப் பக்கம் அவர் வெங்காயம் நறுக்குகிறார், அந்தப் பக்கம், பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே, அவள் மாவு பிசைகிறாள்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு படம் மாட்ட வேண்டியிருந்தது. ஞாயிறு ரொட்டி சாப்பிடப் போனபோது, "அத்தான், ரெண்டு திருகாணி இருக்கா?" என்று லூடரிடம் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

கை முழுக்க மாவோடு இருந்த ரோஸ்விதா திரும்பாமலே ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினாள்.

"பாட்டிலோட எடுத்துட்டுப் போ," என்றாள். "சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு."